மூன்றாம் பாகத்தைத் திட்டிய ஏழு வருடம்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் அவளைத் தெருவே லேப் அக்கா என்றுதான் கூப்பிட்டது. ஊசி இறங்கியதே தெரியாமல் ரத்தம் எடுத்துவிடுவாள். காலையில் போனதும் முதல் வேலையாகக் குளிர்பெட்டியைத் திறந்து, தேதி முடிந்த மருந்துக் குப்பிகளைத் தயவுதாட்சண்யம் இல்லாமல் குப்பையில் போடுவாள். "பாதி பாட்டில் இருக்கேம்மா" என்று டாக்டர் கெஞ்சினாலும் கேட்க மாட்டாள்.

வீட்டுக்கு வந்து வெள்ளைக் கோட்டைக் கழற்றிவிட்டால் போதும், கருங்கோட்டைக்குக் கிளம்பிவிடுவாள். அது ஐந்து பாகமாக வந்த வீடியோ கேம். நாமே ஒரு வீரனாக மாறி, ஊர் ஊராகச் சுற்றி, ஆள் சேர்த்து, சண்டை போட்டு, கடைசியில் கோட்டையைப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு பாகமும் ஐம்பது அறுபது மணி நேரம் ஆளை விழுங்கும். ஐந்தில் எது உசத்தி, எது மட்டம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். முதல் பாகத்தில் கதை பிரமாதம், நடைதான் ஆமை. இரண்டில் சண்டை அனல் பறக்கும், கதை சப்பை. நான்கில் கூட வருகிறவர்கள் அடிக்கும் அரட்டைக்கே அதை இன்னொரு தடவை ஆடலாம். ஆனால் வரைபடம் முழுக்கப் பொட்டல். ஐந்து பார்க்க லட்சணம்; எப்படி ஆடுவது என்று பத்து மணி நேரம் பாடம் நடத்தியே கழுத்தை அறுக்கும்.

மூன்று? "அது குப்பை" என்பாள். கடைசி அரக்கனை ஜெயிக்கவே முடியாது, அதைச் செய்தவனுக்கே ஒன்றும் தெரியாது என்று ஏழு வருடமாகத் திட்டிக்கொண்டிருந்தாள். அவள் அந்தப் பாகத்தை முடித்ததே இல்லை.

ஆறாம் பாகம் வரப்போகிறது என்று தெரிந்ததும், ஐந்தையும் ஒப்பிட்டு எழுதித் தரட்டுமா என்று ஓர் இணைய இதழுக்குக் கேட்டு எழுதினாள். ஆசிரியர் ஒத்துக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனை: ஒவ்வொரு பாகத்தையும் முடித்ததற்குச் சான்றாக அதன் கடைசித் திரையின் படம் வேண்டும். ஞாயிறு மாலைக்குள் எல்லாம் வந்து சேர வேண்டும். பதினோரு வருடமாக எத்தனையோ ரிப்போர்ட் தயாரித்திருக்கிறாள். எல்லாவற்றின் அடியிலும் டாக்டர் பெயர்தான். இதில் அவள் பெயர் வரும்.

வியாழக்கிழமை வேலை முடிந்து வந்ததும் மூன்றாம் பாகத்தில் விட்ட இடத்திலிருந்து உட்கார்ந்தாள். ஒன்பது முறை தோற்றாள். வெள்ளிக்கிழமை பதினான்கு முறை. லிஃப்ட் மெக்கானிக்கான கணவன் பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தான்.

"அந்த அரக்கனைப் பார்த்தா எனக்கே பாவமா இருக்கு. எத்தனை தடவைதான் அவனும் உன்னை அடிப்பான்?"

"நீங்க கொஞ்சம் வாயை மூடிட்டு இருங்க."

சனிக்கிழமை மத்தியானம், மாடியில் குடியிருக்கும் கொழுந்தன் இறங்கி வந்தான். ஐந்து பாகத்தையும் முடித்தவன். திரையில் அவள் வீரன் அடி வாங்குவதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான்.

"அண்ணி, மருந்தைக் குடிங்க."

"உயிர் போற நேரத்துலதான் குடிப்பேன். மத்த நாலு பாகத்துலயும் மருந்தைச் சேர்த்து வச்சுத்தான் ஜெயிச்சேன்."

"சரி, பையைத் திறங்க பார்க்கலாம்."

வீரனின் பைக்குள், அடிபட்டால் உயிரூட்டும் மருந்து தொண்ணூற்றொன்பது குப்பிகள். முதல் ஊரில் வாங்கியதுகூட அப்படியே இருந்தது. கொழுந்தன் ஒன்றின் மேல் அம்புக்குறியை வைத்து அமுக்கினான். வீரியம் நூற்றுக்கு இரண்டு என்று காட்டியது.

"எல்லாம் வீணாப் போனது அண்ணி. இந்தப் பாகத்துல மட்டும் மருந்தைச் சேர்த்து வச்சா சக்தி போயிடும். முதல் ஊர்லயே அந்த வைத்தியர் சொல்வாரே?"

"அவர் ரொம்பப் பேசினார். பட்டனை அமுக்கித் தள்ளிட்டேன்."

கொழுந்தன் சிரிப்புத் தாங்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். "லேப்ல தேதி போனதை ஒரு நாள் வச்சிருக்க மாட்டீங்க. இங்க ஏழு வருஷமா பச்சைத் தண்ணியைச் சுமந்துட்டுத் திரியறீங்களே!"

அவளுக்குக் காது வரை சூடேறியது. அரக்கன் இருக்கும் கடைசிக் கோபுரத்துக்குள் நுழைந்தபின், புது மருந்து வாங்க வெளியே வர வழி கிடையாது. முதலிலிருந்து ஆட அறுபது மணி நேரம் வேண்டும். இருப்பதோ ஒன்றரை நாள்.

"நான் முடிச்ச படம் என்கிட்ட இருக்கு. அதை அனுப்பிடுங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

"குடு" என்றாள்.

படம் வந்தது. கட்டுரையோடு அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. ஞாயிறு காலை, சும்மா ஒரு சந்தேகத்துக்கு, மூன்றாம் பாகத்தை முதலிலிருந்து ஆரம்பித்தாள். இந்த முறை வைத்தியரைப் பேச விட்டாள். மருந்தை வாங்கியதும் குடித்தாள், கூட வந்தவர்களுக்கும் கொடுத்தாள். அநியாயம் என்று திட்டிய சண்டையெல்லாம் கச்சிதமாக இருந்தது. எதை எப்போது செலவழிப்பது என்பதில்தான் முழு ஆட்டமுமே இருந்தது. நான்கு மணி நேரம் போனதே தெரியவில்லை. ரிமோட்டை வைத்துவிட்டுத் தன் கட்டுரையைப் படித்தாள். மூன்றைப் பற்றி எழுதிய அத்தனை வரியும் பொய். அதை வரிசையில் மேலே ஏற்றினால் இரண்டாம் பாகம் கீழே விழுந்தது. இரண்டு விழுந்தால் ஐந்தைப் பற்றிச் சொன்னதும் ஆட்டம் கண்டது. எரிச்சல் தாங்காமல் ஆசிரியருக்குப் போன் போட்டாள்.

"சார், மூணாவது பாகத்தை நான் தப்பா விளையாடிட்டேன். ரெண்டு மாசம் டைம் குடுங்க, முடிச்சுட்டு எழுதறேன்."

"ரெண்டு மாசமா? அதுக்குள்ள ஆறாவது பாகமே வந்து பழசாயிடும்மா. மூணு மோசம்னு நாலு வரி எழுதிட்டுப் போங்களேன். எல்லாரும் அதைத்தானே சொல்றாங்க?"

"எல்லாரும் சொல்றது தப்பு சார்."

"அப்ப நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

கொழுந்தன் கொடுத்த படத்தை அழித்தாள். அன்று யார் பேசினாலும் கடித்துக் குதறினாள்.

அடுத்த வாரம் வேறொருவர் எழுதிய கட்டுரை வந்தது. அவள் அதைக் கொழுந்தனுக்கு உரக்கப் படித்துக் காட்டினாள். "பை நிறைய மருந்து இருந்தும் எதுவும் வேலை செய்யவில்லை. ஐம்பதாவது முறை ஏதோ குருட்டு அதிர்ஷ்டத்தில் ஜெயித்தேன். கடைசி இடம் மூன்றாம் பாகத்துக்கே."

"பார்த்தியா? இவனும் வைத்தியரைத் தள்ளிட்டான்!"

"விடுங்க அண்ணி."

விடுவாளா? கட்டுரைக்குக் கீழே பதில் எழுதும் இடத்தில் அடிக்க ஆரம்பித்தாள். விஷயத்துக்கே வரவில்லை, ஒரு கணக்குக்கு முந்நூறு எழுத்துதான், இதற்கு மேல் இடமில்லை என்று வந்தது.

"உன் பேர்ல ஒரு கணக்கு ஆரம்பி. மீதியை அதுல போடறேன்."

"நீங்க எழுதற வேகத்துக்கு நம்ம ரெண்டு பேர் கணக்கு பத்தாது. அண்ணனையும் சேர்க்கணும்."

அவள் சிரிக்கவில்லை.

"கூப்பிடு அவரை" என்றாள்.