கேமராக்காரரின் ஆபீஸ்

கேமராக்காரருக்கு ஓர் ஆபீஸ் உண்டு என்பது அவருடைய வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் தெரியும். கடைகளில் கண்காணிப்புக் கேமரா மாட்டும்போது ஏணியின் உச்சியில் நின்றுகொண்டு, காதில் மாட்டிய வயரில், "ஆபீஸ், படம் தெரியுதா?" என்று கேட்பார். ஆபீஸ் ஏதோ சொல்லும். கேமராவை ஒரு நூல் திருப்புவார். கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவர்களிடம், "ஆபீஸ்ல மேடம் பார்த்துட்டு இருக்காங்க" என்பார். அவர்களும் கண்ணாடி அறை, சுவர் நிறையத் திரை, சுழல் நாற்காலி என்று மனத்துக்குள் கட்டிக்கொண்டு மரியாதையாகத் தலையாட்டுவார்கள். ஒரு மருந்துக் கடைக்காரர் மட்டும் ஒரு நாள் போனை வாங்கிப் பேசிவிட்டு, "உங்க ஆபீஸ்ல என்னங்க விசில் சத்தம் கேக்குது?" என்று கேட்டுவிட்டார். "மெஷின் ஓடுதுங்க" என்றார் கேமராக்காரர், முகம் மாறாமல். குக்கரும் ஒரு மெஷின்தானே!

ஆபீஸ் என்பது அவர் வீட்டுச் சமையலறை. மேடம் என்பது அவர் மனைவி. சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்த ஒரு போன்தான் சுவர் நிறையத் திரை.

கேமரா மாட்டுவது இரண்டு ஆள் வேலை. ஒருவர் ஏணிமேல் நின்று திருப்ப வேண்டும். இன்னொருவர் மானிட்டர் முன்னால் உட்கார்ந்து, இடது, வலது, கொஞ்சம் மேலே, போதும் போதும் என்று குரல் கொடுக்க வேண்டும். ஆரம்பத்தில் மச்சினன் கூட வந்துகொண்டிருந்தான். அவனுக்குத் தொழிற்சாலையில் வேலை கிடைத்துப் போனதும், கேமராக்காரர் மனைவியின் போனில் கேமராப் படம் தெரிகிற ஆப்பைப் போட்டுக் கொடுத்து, "சும்மா கொஞ்சம் பார்த்துச் சொல்லேன், வேற ஆள் கிடைக்கற வரைக்கும்" என்றார். அந்தச் சும்மா கொஞ்சம் ஆரம்பித்து ஆறு வருஷம் ஆகிறது. வேறு ஆளை அவர் தேடவும் இல்லை.

சும்மா சொல்லக்கூடாது, அந்த அம்மாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். "அந்தக் கதவைத் திறந்தா கல்லா மறைஞ்சிடுமே, எதிர்ப்பக்கம் மாத்துங்க" என்பாள். "காலையில அந்த ஜன்னல் வழியா வெயில் அடிச்சா உள்ள வர்றவங்க மூஞ்சி கறுப்பாத்தான் தெரியும்" என்பாள். ஒரு முறை, "வர்றவங்க வழுக்கையைப் படம் பிடிச்சு என்ன பண்றது? மூஞ்சி வேணும், இறக்குங்க!" என்று அதட்டினாள். கேமராக்காரர் இறக்கினார். 'அவர் வெச்சா ஆங்கிள் பிசகாது' என்று ஊரெல்லாம் பேர். பேர் அவருக்கு, குக்கர் அவளுக்கு.

மகள் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்ந்து, இனி மாலை ஐந்து மணிக்குத்தான் வருவாள் என்று ஆனதும், மனைவி மெல்லப் பேச்செடுத்தாள்.

"நானும் உங்ககூட வேலைக்கு வரேன். போன்ல பார்க்கறதை நேர்லயே பார்க்கறேன். வயர் இழுக்கவும் கத்துக்கறேன்."

"ஏணியெல்லாம் ஏறுவியா?"

"ஏறுவேன்."

கேமராக்காரர் சிரித்தார். சிரித்ததோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. வாய் சும்மா இருக்கவில்லை. "போன்ல இடது, வலதுன்னு சொல்றதையெல்லாம் ஒரு வேலைன்னு நெனச்சிட்டியா?" என்று கேட்டுவிட்டார்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். போனை எடுத்து, அவர் கண் முன்னாலேயே ஆப்பை அழித்தாள். "சரி. வேலையே இல்லைன்னா அதுக்கு ஆளும் வேண்டாமே" என்று சொல்லிவிட்டுப் போய்த் துணி மடிக்க ஆரம்பித்தாள்.

அடுத்த நாள் பொம்மைக் கடை வேலை. சின்னக் கடை இல்லை. ஒரு பெரிய கூடம், உயரமான அலமாரிகள், நடக்கிற வழியெல்லாம் குழந்தைகள் ஏறி ஓட்டும் கார்களும் பந்துக் கூடைகளும். பதினாறு கேமரா. முந்தின இரண்டு நாட்களில் சுவரோரமாகப் பைப் அடித்து, அதற்குள் வயர் இழுத்து, நுனிக்கு நுனி கனெக்டர் போட்டு, எல்லா வயரையும் கல்லாவுக்குப் பின்னால் உள்ள சின்ன அறையில் பதிவுப் பெட்டியோடு சேர்த்தாகிவிட்டது. மிச்சம் இருந்தது ஆங்கிள் வைப்பது மட்டும்தான். அந்த மட்டும்தான் அவர் மனைவியின் வேலை.

கடையின் முதலாளி ஓர் அம்மாள். மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். "மருந்துக் கடைக்காரர் சொல்லித்தான் தம்பி உங்களைக் கூப்பிட்டேன். உங்க ஆபீஸ்ல ஒரு மேடம் ரொம்பக் கறாராமே? அவங்க சரின்னு சொன்னாத்தான் நீங்க ஏணியை மடிப்பீங்களாம். எனக்கு அந்த மாதிரி ஆளுங்கதான் பிடிக்கும்" என்றார்.

"ஆமாங்கம்மா" என்றார் கேமராக்காரர்.

தனியாகத்தான் ஆரம்பித்தார். முதல் கேமராவைத் திருப்பினார். இறங்கினார். கார்களைத் தாண்டி, பந்துகளைத் தாண்டி, சின்ன அறைக்குப் போய் மானிட்டரைப் பார்த்தார். மின்விசிறி ஒன்று பிரமாதமாகத் தெரிந்தது. திரும்பி வந்து ஏறினார், திருப்பினார், இறங்கினார். இப்போது தரை தெரிந்தது. மூன்றாவது கேமராவுக்குள் முட்டி முனக ஆரம்பித்தது. சரி, நம் போனிலேயே பார்த்துக்கொள்வோம் என்று ஒரு கையில் போனைப் பிடித்து, ஒரு கையால் கேமராவைத் திருப்பி, ஸ்க்ரூடிரைவரை வாயில் கவ்விக்கொண்டார். ஏணியைப் பிடிக்கக் கை மிச்சமில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. ஏணியைப் பிடித்தார், போன் விழுந்தது. நல்ல காலம், கீழே துணி முயல்கள் இருந்த கூடை. இரண்டு விற்பனைப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு போனை எடுத்துக் கொடுத்தார்கள்.

பகல் சாப்பாட்டைக்கூட மறந்து, ஒரு வழியாகப் பதினாறையும் முடித்து, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "முடிஞ்சுதுங்கம்மா" என்றபோது மணி மூன்று.

முதலாளி அம்மாள் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மானிட்டர் முன் உட்கார்ந்தார். பதினாறு கட்டங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஷட்டரை இறக்கி லைட்டையும் அணைச்சுப் பார்ப்போமா? திருடன் என்ன வெளிச்சத்துலயா வரப்போறான்?"

இருட்டில் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் கேமராக்காரருக்கு நினைவு வந்தது. எல்லா இடத்திலும் அதைக் கேட்டு வாங்குவது மேடம்தான். ஷட்டர் இறங்கியது, விளக்குகள் அணைந்தன. கட்டங்கள் ஒவ்வொன்றாகக் கறுப்பு வெள்ளைக்கு மாறின. ஏழாவது கட்டம் மட்டும் வெறும் வெள்ளை. பால் காய்ச்சின பாத்திரத்தை எட்டிப் பார்த்த மாதிரி இருந்தது. கடையின் பின்வாசல் தெரிய வேண்டிய கட்டம் அது.

காரணம் அவருக்கு உடனே புரிந்தது. அலமாரி உச்சியில் ஓர் ஆள் உயர வெள்ளைக் கரடி உட்கார்ந்திருந்தது. இருட்டில் பார்ப்பதற்காகக் கேமரா தானே ஒரு வெளிச்சம் விடும், நம் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம். அது பக்கத்தில் இருந்த கரடியின் கன்னத்தில் பட்டுத் திரும்பி, கேமராவின் கண்ணையே கூச வைத்துவிட்டது.

"உங்க மேடம் இதைப் பார்த்தாங்களா?" என்று கேட்டார் முதலாளி அம்மாள், ஷட்டரைத் தூக்கி விளக்கைப் போடச் சொல்லிவிட்டு.

பார்த்தாங்க என்று சொல்லியிருக்கலாம். ஆபீஸ் லீவு என்று சொல்லியிருக்கலாம். ஆறு வருஷமாகச் சொன்ன பொய்யோடு இன்னும் ஒன்று, அவ்வளவுதான். ஆனால் முகத்தில் ஈயாடாமல் நின்ற கேமராக்காரருக்கு அன்றைக்கு என்னவோ பொய் வரவில்லை.

"ஆபீஸ்னு ஒண்ணும் இல்லீங்கம்மா. எங்க வீட்டு சமையல்கட்டுதான். மேடம்னு சொன்னது என் வீட்டுக்காரியை. இன்னிக்கு எங்களுக்குள்ள பேச்சு இல்லை. தப்பு என் மேலதான்."

முதலாளி அம்மாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப ஊரே பாராட்டற ஆளை ஆபீஸ்னு சொல்லி ஒளிச்சு வெச்சிருந்தீங்களா?" என்றார். "போன் போடுங்க. முதல்ல அவங்களோட சமாதானம் ஆகுங்க, கரடியை அப்புறம் பார்க்கலாம்."

இரண்டு முறை மணி அடித்து நின்றது. மூன்றாவது முறை எடுத்தாள்.

"சொல்லுங்க."

"ஏழாவது கேமரா வெளுத்துப்போச்சு."

"பக்கத்துல வெள்ளைச் சுவரா?"

"வெள்ளைக் கரடி."

அந்தப் பக்கம் மூச்சை இழுத்துப் பிடிக்கிற சத்தம். சிரிப்பை அடக்குகிறாள் என்று அவருக்குத் தெரியும். அடக்கிவிட்டுக் கேட்டாள்: "அது ஒரு வேலையே இல்லைன்னீங்களே, அதுக்கு எதுக்கு என்னைக் கூப்பிடறீங்க?"

"நான் சொன்னது தப்பு. எத்தனை தடவை ஏறி இறங்கினேன்னு என் முட்டிக்குத்தான் தெரியும்."

"முட்டிக்காகவா கூப்பிடறீங்க?"

"இல்ல." கேமராக்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். எல்லோரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். கேட்கட்டும். "நீ இல்லாம எனக்குக் கண்ணே தெரியல."

விற்பனைப் பெண்கள் இருவரும் ஒருவரை ஒருவர் கிள்ளிக்கொண்டார்கள்.

"போன்லயெல்லாம் பார்க்க மாட்டேன்" என்றாள் அவள். "நேர்ல வருவேன். பிடிக்கலைன்னா இப்பவே சொல்லிடுங்க."

"வா" என்றார்.

அரை மணி நேரத்தில் வந்து இறங்கினாள். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தாள். முதலாளி அம்மாள் எழுந்து வந்து, "வாங்க மேடம்" என்றார். அவளுக்குக் காது வரை சிவந்துபோனது. அதோடு சரி, உடனே வேலையில் இறங்கிவிட்டாள். கூடத்தை ஒரு சுற்று நடந்தாள். பின்வாசல் கதவைத் திறந்து மூடிப் பார்த்தாள். "கரடி அங்கயே இருக்கட்டும்மா. கேமராவை இந்தத் தூணுக்கு மாத்திட்டா கதவும் தெரியும், படியும் தெரியும்" என்றாள். கேமராக்காரர் அதை வயரோடு கழற்றிக் கொடுத்ததும், அவளே ஏணியைத் தூணருகே இழுத்துப்போட்டு, காலையும் வைத்துவிட்டாள்.

"இரு, நான் ஏறறேன்."

"நீங்க முட்டியைப் பாருங்க. போய் மானிட்டர்கிட்ட உட்காருங்க."

கேமராக்காரர் போய் உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் வேலை நடக்கும்போது மானிட்டர் முன்னால் அவர் உட்கார்ந்ததே இல்லை. ஏழாவது கட்டம் ஆடியது. கூரை வந்தது, கரடியின் காது வந்தது, தரை வந்தது. இடது வலது சொல்ல வேண்டியதுதான் பாக்கி. ஆனால் அவர் கண் நாலாவது கட்டத்துக்குப் போய்விட்டது. அதில் அவள் முதுகு தெரிந்தது. ஏணியின் உச்சிப் படிக்கு ஒரு படி கீழே நின்று, ஒரு கையால் தூணை அணைத்துக்கொண்டு, ஒரு காலை அந்தரத்தில் நீட்டி, வெளிப்பக்கமாகச் சாய்ந்திருந்தாள்.

"என்னங்க, படம் தெரியுதா?" என்று அங்கிருந்தே கத்தினாள்.

"தெரியுது, தெரியுது. அந்தப் பக்கம் சாயாதே!"

"இடதா, வலதா? அதைச் சொல்லுங்க."

"நீ முதல்ல இறங்கு. நான் வந்து ஏறறேன்."

ஏணிமேலிருந்து சிரிப்பு வந்தது. "ஆறு வருஷமா நான் இதைத்தானே பார்த்துட்டு இருக்கேன்? அடுப்பைக்கூட அணைச்சுட்டு, பக்கத்துக் கேமராவுல நீங்க ஒத்தைக் காலைத் தூக்கிட்டு நிக்கறதைப் பார்த்துட்டு நிப்பேன். ஒரு நாளாவது இறங்குங்கன்னு சொல்லியிருக்கேனா?"

சொன்னதில்லை. இடது என்றாள், வலது என்றாள், போதும் என்றாள். அவள் பார்த்துக்கொண்டிருந்தது கேமரா காட்டுகிற படத்தை மட்டும்தான் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். மனுஷனுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக, எழுந்து ஓடிப்போய் அவள் பக்கத்தில் நிற்க வேண்டும்போல இருந்தது. அப்படியே செய்தார். கார்களைத் தாண்டி, பந்துகளைத் தாண்டிப் போய், இரண்டு கையாலும் ஏணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"இங்க வந்துட்டா அங்க யாரு பார்க்கறது?" என்றாள் அவள், கீழே குனிந்து.

"நான் பார்க்கறேன்!" என்று சின்ன அறையிலிருந்து முதலாளி அம்மாளின் குரல் கேட்டது. "இடது பக்கம், மேடம்! இன்னும் இடது! ஐயோ, என் இடது இல்ல, உங்க இடது!"

அவள் திருப்பினாள். கேமராக்காரர் ஏணியை விடாமல் அண்ணாந்து சொன்னார்: "நாளைக்கு ஒரு பள்ளிக்கூடத்துல வேலை. எட்டு மணிக்கெல்லாம் கிளம்பணும். ரெண்டு பேரும்."

"பாப்பாவை விட்டுட்டு ஏழே முக்காலுக்கே கிளம்பிடலாம்" என்று சொல்லிவிட்டு, அவள் கையை நீட்டி ஸ்க்ரூடிரைவரைக் கேட்டாள்.