உள்மடிப்பில் விட்ட துணி

தையல்காரனிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் இன்றைக்கு உடுத்தத் துணி தைக்கச் சொல்வதே இல்லை. நாளைக்கு வளரப்போகிற உடம்புக்கும் என்றைக்கோ வரப்போகிற விசேஷத்துக்கும்தான் அளவு கொடுப்பார்கள். சின்ன வயதில் முழங்கைக்குக் கீழே தொங்கும் அரைக்கைச் சட்டையும், இடுப்பில் கயிறு கட்டி நிறுத்திய நிக்கருமாகத் திரிந்தவர்களே, உங்கள் கஷ்டத்துக்கு என்னைப் போன்றவர்களும் ஒரு காரணம். அறுபதுகளில் தாராவியில் கடை வைத்திருந்தேன். ஒரு மெஷினில் நான், இன்னொன்றில் மேலப்பாளையத்துக் காதர் பாய். பட்டன் துளைக்குக் காஜா எடுப்பதிலும் என்னைக் கிண்டல் பண்ணுவதிலும் மனிதர் கெட்டிக்காரர்.

கடைக்குப் பின்னால் ஒரு கோலி. ஒற்றை அறை வீட்டுக்குப் பம்பாயில் அதுதான் பெயர். அங்கே என் மனைவி கிரேஸும் எட்டு வயது மகள் எஸ்தரும் இருந்தார்கள். மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சல் வந்ததில் எஸ்தருக்கு இருதயம் பலவீனப்பட்டுப் போயிருந்தது. பிள்ளை கொஞ்சம் தேறட்டும், அப்புறம் ஆபரேஷன் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அந்த ‘அப்புறம்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நான் மெஷின் மிதித்துக்கொண்டிருந்தேன்.

வளர்கிற பிள்ளை

தோல் கிடங்கில் வேலை பார்த்த முத்தையா, பள்ளிக்கூடம் திறக்கும்போது மகனைக் கூட்டிக்கொண்டு வருவார். டேப்பைப் பையன் தோளில் வைத்ததுமே, வளர்கிற பிள்ளை, கூட வைத்துப் பிடியும் என்பார். கையில் கூட, நீளத்தில் கூட. அது போதாதென்று, பிற்பாடு பிரித்து இறக்கிக்கொள்ள உள்மடிப்பில் வேறு துணி விடவேண்டும். தைத்து மாட்டினால் பையன் சட்டைக்குள் எங்கே இருக்கிறான் என்று தேடவேண்டியிருக்கும். நான் யாரைக் குறை சொல்ல? எஸ்தரின் கவுன்களை நானும் அப்படித்தான் தைத்தேன். பெரிதாகத் தைத்தால் அதை நிறைக்கவாவது பிள்ளை வளர்ந்துவிடும் என்று ஒரு நினைப்பு.

ஒரு ஜூன் மாதம் முத்தையா பழைய சட்டையையே எடுத்துக்கொண்டு மடிப்பைப் பிரிக்க வந்தார். பையன் நிஜமாகவே வளர்ந்திருந்தான். பிரித்து மாட்டினால் தோளும் கையும் கச்சிதம். ஆனால் காலர் கிழிந்து, முதுகுப் பக்கம் நைந்து, பட்டன் இருந்த இடமெல்லாம் ஒட்டுப் போட்டிருந்தது. முத்தையா மகனை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார்.

“அளவு சேரும்போது துணி போயிட்டே, வே. அப்பம் இவன் என்னைக்குத்தான் ஒழுங்கா ஒரு சட்டை போட்டான்?”

மாட்டுங்காப் பட்டு

மாட்டுங்காவில் ஒரு அம்மாள், பாலக்காட்டுக் குடும்பம், கணவர் ஃபோர்ட் என்ற கோட்டைப் பக்கம் ஆபீஸில் உத்தியோகம். ரவிக்கைத் துணி வாங்க நான் வீட்டுக்கே போவேன். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமான சமயத்தில், டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து மாம்பழ நிறத்தில் ஒரு பட்டுத் துண்டை எடுத்துத் தந்தார். அவர் கல்யாணமாகி வந்த புதிதில் வாங்கியதாம். ஒவ்வொரு பண்டிகைக்கும் எடுத்துப் பார்ப்பாராம். இதைவிடப் பெரிய விசேஷம் வரட்டும் என்று திரும்ப உள்ளே வைத்துவிடுவாராம்.

கடைக்கு வந்து மேஜையில் விரித்தேன். மடித்த இடமெல்லாம் தானாகவே விட்டுப்போனது. கத்தரிக்கு வேலையே இல்லை. துண்டுகளைக் காகிதத்தில் பொதிந்து எடுத்துக்கொண்டு, நான்தான் கெடுத்தேன் என்று திட்டப்போகிறார் என்ற பயத்தோடு திரும்பிப் போனேன். அவர் திட்டவில்லை. ஒரு துண்டை எடுத்துத் தோளில் வைத்துக் கண்ணாடியில் பார்த்தார்.

“நல்ல நாள் வரட்டும்னு வெச்சேன். வந்ததெல்லாம் நல்ல நாள்தான்னு இப்பன்னா தெரியறது.”

போதகரின் அங்கி

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் போதகர் காட்டுப் பூக்களைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். அவை நூற்பதும் இல்லை, தைப்பதும் இல்லை, ஆனாலும் ஆண்டவர் எப்படி உடுத்தி வைத்திருக்கிறார் பாருங்கள், நாளையக் கவலையை அவரிடம் விடுங்கள் என்றார். எஸ்தர் என் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்குக் கோபமான கோபம். பூவுக்கென்ன, ஆஸ்பத்திரிக்கா போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் போதகர் புது அங்கிக்கு அளவு கொடுக்கக் கடைக்கு வந்தார். இடுப்பில் தாராளமாக விடச் சொன்னார், இனிமேல் உடம்பு போடுமாம். காதர் பாய் சிரிப்பை மறைக்கத் தலையைக் குனிந்துகொண்டார். என்னால் பொறுக்க முடியவில்லை. நாளையைப் பற்றி நேற்று என்ன சொன்னீர்கள் ஐயா என்று கேட்டுவிட்டேன். போதகருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் பின்கதவு வழியாக எஸ்தர் படுத்திருந்தது கண்ணில் பட்டதும் சிரிப்பு நின்றுபோனது.

“நான் ஆண்டவர் சொன்னதைச் சொன்னேன், ஞானராஜ். படிச்சு முடிச்சிட்டேன்னு சொல்லலையே. தெனம் காலைல மொதல்ல இருந்துதான் ஆரம்பிக்கேன்.”

டெரிலின் சட்டை

செம்பூரில் வெல்டிங் வேலை பார்த்த சண்முகம் அப்போது புதிதாக வந்திருந்த டெரிலினில் ஒரு சட்டை தைக்கக் கொடுத்திருந்தார். வாங்க வந்தவர் கடையிலேயே பழைய சட்டையைக் கழற்றிப் பையில் திணித்துவிட்டுப் புதியதை மாட்டிக்கொண்டார். வெளியே மழை, தெரு முழுக்கச் சேறு, லோக்கல் வண்டியில் கூட்டம் வேறு. இதைப் போட்டுக்கொண்டா போகிறீர்கள், இன்றைக்கு என்ன விசேஷம் என்று கேட்டேன். என்னைப் பார்த்துப் பாவப்பட்டார்.

“சட்டை தச்சு வந்திருக்குல்லா டெய்லரே, அதுதான் விசேஷம்.”

எஸ்தரின் கவுன்

கிறிஸ்துமஸ் கழிந்ததும் பிள்ளையைக் கொண்டுவந்து சேர்க்கும்படி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கிரேஸ் பண்டிகைக்கு வெள்ளையில் சின்னச் சின்ன நீலப்பூ போட்ட துணி வாங்கி வந்தாள். அளவு எடுத்தேன். சாக்பீஸ் பழக்க தோஷத்தில் தோளுக்கு வெளியே தள்ளித்தான் கோடு போட்டது. போன வருஷக் கவுன் தோளிலிருந்து நழுவ நழுவ, ஒரு கையால் பிடித்துக்கொண்டே எஸ்தர் கோவிலில் பாட்டுப் பாடியது நினைவுக்கு வந்தது. கோட்டை அழித்தேன். ஆனால் அவள் உடம்புக்குச் சரியாக வெட்டவும் கை வரவில்லை. இவ்வளவுதான் இவள் என்று நானே சொல்வதுபோல் இருந்தது. கத்தரியைக் கீழே வைத்துவிட்டேன்.

சாயங்கால ஜெபத்தில் எஸ்தர்தான் ஆண்டவர் கற்றுக்கொடுத்த ஜெபத்தைச் சொன்னாள். மூச்சுக்காக நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். ‘எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்’ என்று சாப்பாடு கேட்கிற இடத்தில் ‘இன்று’ என்று சொல்லிவிட்டு மூச்சு வாங்கினாள். பேச்சு வந்த நாளிலிருந்து நான் சொல்லிவரும் ஜெபம்தான். அதில் நாளைக்கென்று எதுவுமே கேட்கவில்லை என்பது அன்றைக்குத்தான் என் காதில் விழுந்தது. அடுத்த வருஷத்து எஸ்தருக்காக அழுது அழுது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற எஸ்தரை நான் பார்க்கவே இல்லை என்று தோன்றியது. அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலையில் அவள் அளவுக்கே வெட்டினேன். உள்ளே துணி விடவில்லையா என்று காதர் பாய் கேட்டார். அது மேலே இருக்கிறவர் பொறுப்பு என்றேன். கிண்டல் வருமென்று எதிர்பார்த்தேன். அவர் கவுனை என் கையிலிருந்து வாங்கி, பட்டு நூல் எடுத்துக் காஜாவைத் தானே போட்டுத் தந்தார். கிறிஸ்துமஸ் காலையில் எஸ்தர் அதைப் போட்டுக்கொண்டு மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினாள். தோள் நழுவவில்லை. இரண்டு கையையும் விட்டுவிட்டுக் குனிந்து தன்னையே பார்த்தாள்.

“யப்பா, இது எனக்குன்னே தச்ச மாதிரி இருக்கு.”

ஆபரேஷன் முடிந்து அடுத்த கிறிஸ்துமஸ் வந்தபோது அந்தக் கவுன் அவளுக்கு ஏகத்துக்கும் சின்னதாகி, பிரித்து விட உள்ளே ஒரு நூலளவு துணிகூட வைக்காத நீயெல்லாம் ஒரு தையல்காரனா என்று கிரேஸ் என்னைத் திட்டினாளே, என் தொழிலில் நான் வாங்கிய எத்தனையோ புகார்களில் இன்னொரு தடவை சொல்லு என்று கேட்டு வாங்கியது அது ஒன்றைத்தான்.