கெட்ட லைன் தேடும் மோடம் அக்கா

வீட்டுக்குள் வந்ததும் மோடம் அக்கா முதலில் எங்களைப் பார்க்க மாட்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் போய் போன் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வாள். கண்ணை மூடி அரை நிமிடம் கேட்பாள். "இன்னிக்கு ரொம்பத்தான் இரையுது. மழை பெஞ்சுதா?" என்பாள். அதற்குப் பிறகுதான் "என்ன தங்கச்சி, நல்லா இருக்கியா?" வியாழன்தோறும் நான்கு வருடம் இப்படித்தான் வந்தாள்.

கம்ப்யூட்டர் சாமான் விற்கும் கடையில் வேலை பார்க்கிறாள். கடை அவளுடைய தாய்மாமனுடையது. போன் லைன் வழியாகக் கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ள உதவும் மோடம்தான் அவள் பொறுப்பு. நாற்பத்தைந்து வயதிருக்கும். கையில் ஆண்கள் கட்டும் பெரிய வாட்ச். பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, சுருட்டிய போன் ஒயரும் ஒரு பூதக்கண்ணாடியும் கட்டாயம் இருக்கும். ஒயரின் தோலைப் பல்லால் கடித்து உரிப்பாள். "கத்தரிக்கோல் தரட்டுமா அக்கா?" என்று ஒருமுறை கேட்டேன். "அப்புறம் பல்லு எதுக்கு இருக்கு, சும்மா இளிக்கவா?" என்றாள்.

பூதக்கண்ணாடி அட்டைப்பெட்டிக்காக. பெட்டியின் முன்பக்கத்தை அவள் படிப்பதே இல்லை. கவிழ்த்துப் போட்டு, அடியில் எறும்பு ஊர்ந்தது போல அச்சிட்டிருப்பதைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படிப்பாள். "முன்னாடி கூவுறவன் வியாபாரி. பின்னாடி முணுமுணுக்கிறவன் வக்கீல். நாம வக்கீல் சொல்றதைத்தான் கேக்கணும்." ஒரு பெட்டியில் ஆயுள் முழுக்க உத்தரவாதம் என்று போட்டிருந்தது. "யாரோட ஆயுள்? கம்பெனியை இழுத்து மூடி ஒரு வருஷம் ஆச்சு" என்று அதை ஓரமாக வைத்தாள்.

மோடம் லைனைப் பிடிக்கும்போது போடும் கூச்சலை அப்படியே வாயால் செய்து காட்டுவாள். கடைக்கு வருகிறவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிக்க மாட்டாள். "கீ...ன்னு போய்ட்டு, கடைசியில கர்ர்னு இழுத்துச்சா? அப்போ பேச்சு ஒத்துவரலைன்னு அர்த்தம். சம்பந்தி வீட்டுல தொண்டையைக் கனைக்கிற மாதிரி."

எங்கள் வீட்டுக்கு அவளைக் கொண்டுவந்தது அவள் செய்த ஒரு தப்பு.

ஒரு விபத்தில் என் வீட்டுக்காரருக்கு இடுப்பு எலும்பு நொறுங்கிப் போனது. வெளியே போய் வேலை பார்க்க முடியாது. ஒரு மருத்துவமனையில் டாக்டர்கள் பேசிப் பதிவு செய்வதை வீட்டிலிருந்தே டைப் செய்து, மாலை நான்கு மணிக்குள் போன் லைனில் அனுப்பும் வேலை கிடைத்தது. எங்களுக்கு இருந்தது அது ஒன்றுதான். மோடம் வாங்கக் கடைக்குப் போனது நான். ராக்கெட் படம் போட்டு, 56 என்று கொட்டை எழுத்தில் அச்சிட்ட பெட்டியை அக்கா எடுத்துத் தந்தாள். தருவதற்கு முன் கடை லைனில் மாட்டிக் காட்டினாள். உடனே பிடித்துக்கொண்டது.

வீட்டில் அது நிற்கவில்லை. பாதி ஃபைல் போகும், அறுந்துவிடும். இரண்டு நாள் நான்கு மணி தவறிப்போனது. இன்னொரு தடவை தவறினால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். மறுநாள் மத்தியானம் பெட்டியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் ஓரமாக நின்றேன். "கோளாறு உங்க லைன்லம்மா. எங்க சாமான்ல இல்லை" என்றார் மாமா. தலையாட்டிவிட்டுத் திரும்பினேன்.

"நில்லு தங்கச்சி. வீடு எங்க?" என்று அக்கா செருப்பை மாட்டிக்கொண்டாள்.

வந்து ரிசீவரைக் காதில் வைத்துக் கேட்டாள். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்து, "தப்பு என்னுது தம்பி" என்றாள். "எங்க கடைக்குப் பின்னாலயே டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். அந்த லைன்ல செங்கல்லை மாட்டினாக்கூடப் பேசும். அதுல பாத்துட்டு உங்களுக்குக் கொடுத்துட்டேன்." ஒரு கடையில் இப்படிச் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை.

ராக்கெட் மோடத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். "இதுக்குச் சொந்த மூளை கிடையாது. வேலையெல்லாம் உங்க கம்ப்யூட்டர் தலையில கட்டிட்டு இது சும்மா உக்காந்திருக்கு. அம்பத்தாறுன்னு வேகம் போட்டிருக்கானே, அது வாங்குறதுக்கு. அதுவும் லைன் சுத்தமா இருந்தா. அனுப்புறதுக்கு முப்பத்திமூணுதான். நீங்க அனுப்புறவர்."

பையிலிருந்து மூலை உடைந்த கறுப்புப் பெட்டி ஒன்றை எடுத்தாள். வெளியே மேசை மேல் வைக்கிற பழைய மோடம். முன்னால் வரிசையாகச் சிவப்பு விளக்குகள். அதை மாட்டி ஏதோ டைப் செய்தாள். என் வீட்டுக்காரர் பதறினார். "வேகத்தைக் குறைக்கிறீங்களே! மணி மூணே கால்."

"பறக்க வேணாம் தம்பி. போய்ச் சேந்தாப் போதும்."

இருபத்தெட்டு நிமிடம் மூன்று பேரும் அந்த விளக்கு மினுக்குவதையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு தடவை நின்றது. மறுபடி மினுக்கியது. மூன்றே முக்காலுக்கு ஃபைல் போய்ச் சேர்ந்தது. அக்கா ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு கடைக்கு வரும் மோடங்களை வியாழன்தோறும் கொண்டுவந்து எங்கள் லைனில் மாட்டிப் பார்த்தாள். அதில் நிற்காத எதையும், வாங்குகிறவர் வீட்டு லைனை விசாரிக்காமல் அவள் விற்பதில்லை. எங்கள் வீட்டு ஒயர் ஈரச் சுவரில் ஓடி, மூன்று இடத்தில் ஒட்டுப் போட்டது. "இதுல நின்னா எந்த வீட்டுலயும் நிக்கும்" என்பாள். மாமாவுக்குப் பொறுக்கவில்லை. "உன்னை விக்கச் சொன்னேனா, விசாரணைக் கமிஷன் வைக்கச் சொன்னேனா?" என்று ஒருநாள் என் எதிரிலேயே கத்தினார். "விக்கிறேன் மாமா. வீட்டு லைன் எப்படின்னு கேட்டுட்டு விக்கிறேன்" என்றாள். வாய்த்துடுக்கும் உண்டு. ராக்கெட் பெட்டிதான் வேண்டும் என்று அடம்பிடித்தவரிடம், "படம் வேணும்னா காலண்டர் வாங்குங்க சார்" என்று சொல்ல, அவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

எங்கள் ஒயரை மாற்றச் சொல்லித் தொலைபேசி இலாகாவுக்கு ஏழு கடிதம் போயிருக்கிறது. ஏழும் அக்கா எழுதியவை. நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். கையெழுத்து மட்டும் போட்டேன். போன மாதம் லைன்மேன் புது ஒயர்ச் சுருளோடு வந்தபோது அக்கா பாதிச் சோதனையில் இருந்தாள். மோடத்தைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு, போய் அவருடைய ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்போ உங்க சோதனைக்கு அக்கா?" என்று கேட்டேன்.

"ஊர்ல கெட்ட லைனுக்கா பஞ்சம்?" என்றாள், ஏணியை விடாமல்.

இப்போது எங்கள் லைனில் இரைச்சல் இல்லை. ஃபைல் மூன்று மணிக்கே போய்விடுகிறது. அக்கா வியாழன்தோறும் நான்கு தெரு தள்ளி, ஒரு சைக்கிள் கடைக்காரர் வீட்டுக்குப் போகிறாள்.