மறுநாளே வீடு: காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் வரை

இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். “மறுநாளே வந்துட்டாளே, அதெல்லாம் ஒரு ஆபரேஷனா?” என்று என் மனைவியைப் பற்றி என் சொந்தக்காரர்கள் இன்றும் கல்யாணப் பந்தியில் பேசுகிறார்கள். இப்படி ஒருவரை அழைத்துக்கொண்டு ஊர் திரும்பப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

2007, ஆடி மாதம். காஞ்சிபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் என் மனைவிக்கு லேப்ராஸ்கோப்பியில் கர்ப்பப்பையை எடுத்தார்கள். வயிற்றில் சின்னச் சின்னதாக நாலு துளைகள், அவ்வளவுதான். மறுநாள் காலை பத்து மணிக்கு வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். ஆனால் இரண்டு மாதம் குடம்கூடத் தூக்கக் கூடாது.

உத்திரமேரூர் முப்பது கிலோமீட்டர். பஸ்ஸை நினைக்கவே வேண்டாம். தெரிந்த பாய் ஒருவரின் ஆம்னி வேனுக்கு ஐந்நூறு ரூபாய். வயிற்றோடு ஒரு தலையணையை அணைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்தாள். மாகறல் தாண்டும்வரை சாலை படுமோசம். “பள்ளம் வருதும்மா, புட்ச்சிக்கோ” என்று ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டுத்தான் பாய் வண்டியை இறக்கினார். சைக்கிள்காரர்கள் எங்களை முந்திப் போனார்கள்.

வழியில் தோள் வலிக்கிறது என்றாள். பயந்துபோய் மருத்துவமனைக்குப் போன் போட்டேன். வயிற்றுக்குள் செலுத்திய வாயுவால் வருவதாம், இரண்டு நாளில் போய்விடுமாம். மூச்சுத் திணறினால் மட்டும் உடனே வரச் சொன்னார்கள். இதை முன்பே சொல்லித் தொலைத்தால் என்ன?

எங்களுடையது கூட்டுக் குடும்பம். மறுநாள் அம்மனுக்குக் கூழ் ஊற்ற, நாங்கள் வந்திறங்கிய அன்று மாலையே பானை அடுப்பேற வேண்டும். சின்ன மருமகள்தான் கிண்ட வேண்டும் என்பது வீட்டு வழக்கம். அண்ணி துடுப்போடு நின்றிருந்தார்.

“இன்னா, நேத்து போயி இன்னிக்கே வந்துக்கினே? ஊசி போட்டுக்கினு வந்தியா?”

என் மனைவி துடுப்பை வாங்கக் கை நீட்டினாள். பாதியிலேயே கை வயிற்றுக்குப் போய்விட்டது. அண்ணி மேல் சேர்த்துவைத்திருந்த இருபது வருடக் கோபத்தையும் கொட்ட நான் வாயெடுப்பதற்குள், அண்ணி அவளை உள்ளே அழைத்துப் போய்விட்டார். பையோடு வாசற்படியில் நின்றேன்.

“இம்மாந்துண்டு ஓட்டை வழியாவா எடுத்தாங்க?” என்றது அண்ணியின் குரல். அவரே தொடர்ந்தார். “எனக்கு இதயே எடுக்க இங்கேர்ந்து இங்க வரிக்கும் கிழிச்சாங்க. வூட்டுக்கு வந்த அன்னிக்கே மாட்டுக்குத் தண்ணி காட்னேன். இன்னான்னு ஒருத்தரும் கேக்கல. நீ படுடி.”

வெளியே வந்து துடுப்பை என் கையில் கொடுத்தார். “நீ கிண்டு தம்பி. அடி புடிச்சிச்சின்னா ஊரே சிரிக்கும்.”

கிண்டினேன். அடி பிடிக்கத்தான் செய்தது. இரண்டு மாதமும் என் மனைவியை அண்ணி அடுப்பங்கரைப் பக்கம் விடவில்லை.

போகிறவர்கள் தலையணையை மறக்காதீர்கள். புறப்படுவதற்கு அரை மணி நேரம் முன்பு வலி மாத்திரை கொடுத்துவிடுங்கள். முக்கியமாக, ‘ஓய்வு’ என்பதை வீட்டுப் பெரியவர்கள் எதிரில் டாக்டர் வாயாலேயே சொல்ல வையுங்கள்.

என் பெயரைப் போட்டால், அன்று அண்ணியை என்னவென்று கேட்காத என் அண்ணனுக்காவது உறைக்கும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் என் பெயரைப் பார்த்ததும் அது எந்த அண்ணி என்று ஊருக்கே தெரிந்துவிடும். பெயர் இல்லாமலே இணையத்தில் ஏற்றுகிறேன்.