சாத்திய ஜன்னலும் டோனட்டும்

எங்கள் வீட்டு எண்ணெய் வாடை காயப்போட்ட துணியில் ஏறுகிறது என்று பக்கத்து வீட்டு ஃபாத்திமா அக்கா ஒருமுறை சொன்னதிலிருந்து எனக்கு ஒரே வீம்பு. அந்த ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூரில் எங்கள் பிடோக் வீட்டில் டோனட் சுடுவதற்காக ஜன்னல், கதவு எல்லாவற்றையும் சாத்திவிட்டேன்.

எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. கணவர் டம்ளரால் மாவை வட்டமாக வெட்டினார். மகள் பாட்டில் மூடியால் நடுவில் ஓட்டை போட்டாள். வட்டம் கோணல் என்று அவரிடம் சண்டை பிடித்துக்கொண்டிருந்தபோது முதுகில் சூடு உறைத்தது. திரும்பினால் சட்டிக்குள் தீ.

மகள் இருமிக்கொண்டே ஓடி வாசல் கதவைத் திறந்தாள். நான் தண்ணீர் ஜக்கைத் தூக்கிவிட்டேன்.

"தண்ணி ஊத்தாதம்மா."

திறந்த கதவு வழியே ஓடிவந்த ஃபாத்திமா அக்கா. ஒரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அடுப்பை அணைத்தார். பெரிய மூடியால் சட்டியை மூடினார். மூடி நடுங்கியது. தீ மெல்ல அடங்கியது.

அவரே போய் ஜன்னலைத் திறந்தார். புகை முழுக்க காரிடாரில் காய்ந்த அவர் துணிகள்மேல் போனது. "திரும்பத் துவைச்சிக்கலாம்லா" என்றார்.

இன்றும் டோனட் சுடுகிறோம். மாவு பிசைந்ததும் அவர் வீட்டு மணியை அடிக்கிறேன்.

"அக்கா, துணிய எடுத்துட்டீங்களா?"

இந்த ஒரு கேள்வியைக் கேட்க எனக்கு ஒரு தீ தேவைப்பட்டது.