ரிசிக்கோ

என் மனைவிக்கு அமிலாய்டோசிஸ். கெட்ட புரதம் இதயத்திலும் படிந்திருந்தது. ஸ்டெம் செல் சிகிச்சை நோயை அடக்கக்கூடும், ஆனால் இந்த இதயத்தோடு உயிராபத்தும் உண்டு என்றார் மருத்துவர், ஆங்கிலத்தில். ஆசிரியராயிருந்த நான்தான் அவளுக்குத் தமிழில் சொன்னேன்.

"கொஞ்ச நாள் சோர்வா இருக்கும், அவ்வளவுதான்."

அவள் கையெழுத்திட்டாள்.

சிகிச்சை முடிந்த மூன்றாம் வாரம் இதயம் தளர்ந்து, மூச்சு வாங்கியபடி சொன்னாள்: "டாக்டர் ரிஸ்க்னு சொன்னது எனக்குக் கேட்டுச்சு லா. பாசிர் கூடாங் ஃபேக்டரி சுவரெல்லாம் அதையே மலாய்ல ரிசிக்கோன்னு எழுதியிருக்கும். இருவது வருசம் பார்த்தவ நான். நீங்களே சொல்வீங்கன்னு இருந்தேன்."

"நீ பயந்துடுவேன்னுதான்..."

"பயந்தேன்தான். தனியா."

மறுநாள் இறந்துபோனாள். நான் சொல்லியிருந்தாலும் அவள் கையெழுத்திட்டிருப்பாள் என்றே நினைக்கிறேன். அந்தப் பயத்தில் நானும் கூட இருந்திருப்பேன்.