இல்லை என்று எழுதும் முன்

திருப்பதி கால்நடை ஆய்வகத்தில் இருந்த அந்த அம்மா, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தால் எடுக்கவே மாட்டார். அன்று அதில் இருந்தது என் பசுவின் காதில் எடுத்த ரத்தம். உண்ணிக் காய்ச்சல் என்று உறுதியானால்தான் ஊசி போடுவார்கள். நான் வாசலுக்கும் மேசைக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

“சீக்கிரம் சொல்லுங்கம்மா. நகரியில மாடு காப்பி கலர்ல மூத்திரம் பெய்ஞ்சிக்கினு கெடக்குது.”

“இருக்குதுன்னு சொல்ல ஒரு கிருமி கண்ல பட்டா போதும் நைனா. இல்லன்னு சொல்லத்தான் ஸ்லைடு முழுக்கப் பாக்கணும். ஒருவாட்டி ஒரு மாட்டுக்கு அவசரத்துல இல்லன்னு எழுதிட்டேன்.”

அந்த மாடு என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில், “இருக்குது” என்று சீட்டெழுதிக் கொடுத்தார். ஓடும்போது திரும்பிப் பார்த்தேன். கிருமி அகப்பட்ட அதே ஸ்லைடை மறுபடியும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகும் எதைத் தேடினாரோ.